எல்லா பேப்பரும் பாஸ், ஆனால் டிகிரி கிடையாது என்கிறார்கள், அவசர உதவி

வடவாறு:
வணக்கம். என் தங்கை பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டாள். ஆறு செமஸ்டரிலும் ஒரு அரியர் கூடக் கிடையாது. புரொவிஷனல் சர்டிபிகேட் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்) வாங்கப் போன இடத்தில், உனக்குக் கிரெடிட் பத்தவில்லை, டிகிரி முடியவில்லை என்று ஆபீசில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எம்.எஸ்சி. அட்மிஷனுக்குச் சான்றிதழ் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிவிட்டது, வீட்டில் அம்மா அழுதுகொண்டே இருக்கிறார், நான் திருப்பூரில் வேலையில் இருக்கிறேன், நேரில் போகவும் முடியவில்லை. பாஸான பிள்ளைக்கு டிகிரி இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? யாரைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பாபநாசம் பி.காம்.:
எந்தப் பல்கலைக்கழகம்? தன்னாட்சிக் கல்லூரியா, சாதாரண இணைப்புக் கல்லூரியா? எந்த வருடம் சேர்ந்தாள்? இதெல்லாம் தெரியாமல் எதையும் சொல்ல முடியாது ப்ரோ.

மன்னை:
எனக்குத் தெரிந்து இது நோ டியூஸ் விவகாரம். லைப்ரரி புத்தகம் ஒன்று பாக்கி இருக்கும், இல்லை லேப் பீஸ் ஏதாவது நிற்கும். கிரெடிட் என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். என் நண்பனுக்கு ஹால் டிக்கெட்டையே இப்படித்தான் நிறுத்தி வைத்தார்கள். தங்கையை லைப்ரரிக்குப் போகச் சொல்லுங்கள்.

தேர்வறை:
பாக்கி இருந்தால் பாக்கி என்று சொல்வார்கள், அதற்குக் கிரெடிட் என்று யாரும் பெயர் வைப்பதில்லை. சேர்ந்த அன்று கொடுத்த கையேட்டை மூன்று வருடமும் பிரித்துப் பார்க்காமல் இருந்துவிட்டு, கடைசியில் இங்கே வந்து அழுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் 2008-09 முதல் விருப்பப் பாடக் கிரெடிட் முறைதான், அதாவது ஒவ்வொரு தாளுக்கும் இத்தனை கிரெடிட் என்று உண்டு. பாஸ் வேறு, கிரெடிட் வேறு. மொத்தம் 140 கிரெடிட், அதுவும் பாடங்களைப் பிரித்து வைத்திருக்கிற ஐந்து பகுதியிலும் தனித்தனியாக நிரம்ப வேண்டும். உங்கள் தங்கை பகுதி 5 முடித்திருக்க மாட்டாள். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., செஞ்சிலுவை, இதில் எதிலாவது பெயர் கொடுத்து வருகை காட்டினாளா? கேட்டுச் சொல்லுங்கள். அதுதான் காரணம், வேறு எதுவும் இருக்காது.

காரைக்கால் கடற்கரை:
எங்கள் பக்கம் பாண்டிச்சேரி பல்கலைக்கழகம், அமைப்பே வேறு. அதனால் பாபநாசம் கேட்டதற்கு முதலில் பதில் வரட்டும். மாநிலம் மாறினால் விதியும் மாறும்.

வடவாறு:
தஞ்சாவூர் மாவட்டம்தான், பாரதிதாசன் பல்கலைக்கழக இணைப்பு, தன்னாட்சி இல்லை. கல்லூரிப் பெயர் வேண்டாம். என்.எஸ்.எஸ். கேம்ப் போய்ச் சர்டிபிகேட்டும் வைத்திருக்கிறாள். லைப்ரரி பாக்கி எதுவும் இல்லை. 136 தான் வருகிறது என்று சொன்னார்களாம்.

மன்னை:
அப்படியென்றால் வருகைப் பதிவு. 75 சதவீதத்துக்குக் கீழே போயிருப்பாள்.

பாபநாசம் பி.காம்.:
அண்ணா, வருகை குறைந்திருந்தால் தேர்வே எழுத விட்டிருக்க மாட்டார்கள், அபராதம் கட்டச் சொல்லியிருப்பார்கள். இவள்தான் ஆறு செமஸ்டரும் எழுதி முடித்திருக்கிறாளே.

தேர்வறை:
கேம்ப் போனது போதாது. பதிவேட்டில் ஏற வேண்டும், கல்லூரி அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். நான் சொன்னதுதான். அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அரசலாறு:
தம்பி, ஒரு நிமிடம். குறைவது 4 என்றால் அது பகுதி 5 ஆக இருக்க வாய்ப்பில்லை. அதில் என்.எஸ்.எஸ். மாதிரியான விரிவாக்கப் பணிக்கு 1, பாலினக் கல்விக்கு 1, இரண்டும் சேர்ந்தாலே 2 தான். பகுதி 4-இல் மூன்றாவது, நான்காவது செமஸ்டரில் வருகிற இரண்டு தாளுக்குத் தலா 2 கிரெடிட், அதுதான் சரியாக 4. தங்கையிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். பகுதி 1-இல் என்ன மொழி எடுத்தாள்? பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியில் தமிழ் படித்தாளா?

வடவாறு:
பன்னிரண்டு வரைக்கும் தமிழ்தான் அக்கா. காலேஜில் பிரெஞ்சு எடுத்தாள், மார்க் ஏறும் என்று யாரோ சொன்னார்களாம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அரசலாறு:
சம்பந்தம் அதில்தான் இருக்கிறது. பகுதி 1-இல் தமிழ் எடுத்தவர்களுக்குப் பகுதி 4-இல் என்.எம்.இ., அதாவது வேறு துறையில் ஏதாவது இரண்டு தாள். பகுதி 1-இல் வேறு மொழி எடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் தமிழ் வரும். பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழ், ஆறாம் வகுப்பு அளவில் இருக்கும். பன்னிரண்டு வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் பிரெஞ்சோ இந்தியோ சமஸ்கிருதமோ எடுத்தவர்களுக்குச் சிறப்புத் தமிழ். இவர்கள் என்.எம்.இ. எழுதினால் அந்தக் கட்டத்துக்கு அது செல்லாது. நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியல் பிரித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். மூன்றாம் செமஸ்டர் பட்டியலை எடுத்து, பகுதி 4 என்று போட்டிருக்கும் வரிக்கு நேரே என்ன பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சிறப்புத் தமிழ் என்று இல்லாமல் வணிகவியலோ கணினியோ இருந்தால் சிக்கல் அங்கேதான். தேறியவர் என்று பக்கத்தில் போட்டிருக்கும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

மன்னை:
இது நல்ல கூத்து. வகுப்பில் உட்கார வைத்து, பீஸ் வாங்கி, தேர்வும் எழுத வைத்து, பாஸ் என்று மார்க்கும் போட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்து அது செல்லாது என்பது பிள்ளை செய்த தப்பா? கும்பகோணம் அரசு கல்லூரியில் ராமானுஜனுக்கு நடந்ததும் இதுதான். கணக்கில் மலை, ஆங்கிலத்தில் போய்விட்டது என்று உதவித்தொகையைப் பிடுங்கினார்கள். இந்த ஊர் இன்னும் திருந்தவில்லை.

தேர்வறை:
ராமானுஜனை ஏன் இழுக்கிறீர்கள்? அவர் 1904-இல் சேர்ந்தார், கணிதம் தவிர மற்றதைப் படிக்கவில்லை, உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ., அதாவது பட்டப் படிப்புக்கு முந்தைய அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வு, தேறவில்லை. அது தேர்வில் தவறியது, இது பதிவில் நடந்த தவறு. இரண்டையும் குழப்பினால் அந்தப் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

மன்னை:
கேம்பிரிட்ஜ் 1916-இல் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் கொடுத்ததே சார், எப்.ஏ. இருக்கிறதா என்று பார்த்தா கொடுத்தார்கள்? விதி மனிதனுக்காக இருக்க வேண்டும், நான் சொல்வது அவ்வளவுதான்.

காரைக்கால் கடற்கரை:
அதே விதிதான் கிராமத்திலிருந்து வருகிற பிள்ளைக்குப் பாதுகாப்பும். தமிழ் படிக்காமலே ஒருவர் தமிழ்நாட்டில் பட்டம் வாங்கிவிடக் கூடாது என்று வைத்ததை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வருடமே மாணவர்களைச் சரியான வகுப்பில் சேர்ப்பது கல்லூரியின் கடமை. அதைச் செய்யாதவர்களைக் கேளுங்கள், விதியை அல்ல.

தேர்வறை:
கேட்டு என்ன கிடைக்கும்? மாணவர் கையெழுத்துப் போட்ட விருப்பப் படிவத்தை எடுத்து நீட்டுவார்கள்.

பாபநாசம் பி.காம்.:
எல்லோரும் ஒரு நிமிடம் சண்டையை நிறுத்துங்கள். வடவாறு அண்ணா, மதிப்பெண் பட்டியல் பார்த்தீர்களா?

வடவாறு:
பார்த்தாள். இரண்டு செமஸ்டரிலும் வணிகவியல் பேப்பர் என்று இருக்கிறது. அக்கா சொன்னது சரி. இப்போது என்ன செய்வது?

அரசலாறு:
பதறாதீர்கள். முதலில் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு எழுத்துக்கு வாருங்கள். முதல்வர் மூலமாகத் தேர்வு நெறியாளருக்கு ஒரு கடிதம், அதில் பெயர், பதிவு எண், பகுதி 1-இல் எடுத்த மொழி, இரண்டு செமஸ்டரிலும் எழுதிய தாள்களின் பெயர், சிறப்புத் தமிழ்த் தாள்களுக்குப் பதிவு செய்ய அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவு போதும். என்.எம்.இ. வகுப்பில் கல்லூரியே சேர்த்தது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் தங்கை அலுவலகத்தை விட்டு வெளியே வரக் கூடாது. அந்த நகலையும் ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் எம்.எஸ்சி. சேரப் போகிற இடத்தில் காட்டி, அவகாசம் தர முடியுமா என்று அன்றே கேளுங்கள். தருவதும் தராததும் அவர்கள் முடிவு, ஆனால் கடைசி நாளுக்கு முன் கேட்டால் கேட்கிற மரியாதை வேறு.

தேர்வறை:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். உள்மதிப்பீடு. மொத்தம் 100-இல் 25 கல்லூரி போடுவது, 75 பல்கலைக்கழகத் தேர்வு, இரண்டிலும் தனித்தனியாக 40 சதவீதம் வேண்டும். அதாவது உள்மதிப்பீட்டில் 10, வெளித்தேர்வில் 30. வகுப்பிலேயே உட்காராத பாடத்துக்கு உள்மதிப்பீடு எங்கிருந்து வரும்? தமிழ்த் துறைத் தலைவரைப் பார்த்து, இரண்டு தாளுக்கும் தேர்வும் ஒப்படைப்பும் வாங்கிக்கொண்டு மார்க் அனுப்ப ஒப்புக்கொள்ள வையுங்கள். இதைச் செய்யாமல் நவம்பர் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பணம் கட்டி எழுதினால் மறுபடியும் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

அரசலாறு:
ஆமாம், இது முக்கியம். தமிழ்த் துறைக்குத்தான் முதலில் போக வேண்டும். பாடம் கடினமில்லை தம்பி, பன்னிரண்டில் தமிழ் படித்த பிள்ளை பதினைந்து நாள் உட்கார்ந்தால் எழுதிவிடலாம்.

மன்னை:
மார்க் கூடும் என்று சொல்லி பிரெஞ்சில் சேரச் சொன்னவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சரி, கும்பகோணம் பக்கம் யாராவது கூட வர வேண்டுமென்றால் சொல்லுங்கள் தம்பி, நான் வருகிறேன்.

வடவாறு:
மாமா கூடப் போய்க் கடிதம் கொடுத்தாயிற்று, முத்திரையும் வாங்கியாயிற்று. தமிழ்த் துறையில் மேடம் உள்மதிப்பீட்டுக்குச் சரி சொல்லிவிட்டார்கள். நவம்பரில் எழுத வேண்டும். எம்.எஸ்சி. இந்த வருடம் கஷ்டம் என்றுதான் தோன்றுகிறது, இன்னும் பதில் வரவில்லை. அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

குத்தாலம் அம்மா:
என் பெண் இப்போது இரண்டாம் செமஸ்டர், பகுதி 1-இல் இந்தி எடுத்திருக்கிறாள், பத்தாவது வரை மட்டும் தமிழ். அவளுக்கு எது வரும்?

அரசலாறு:
அம்மா, பத்தாவது வரை என்பது நடுவில் நிற்கிற கணக்கு, நானாகச் சொல்லக் கூடாது. மூன்றாம் செமஸ்டர் பாடப் பதிவுக்கு முன்னாலேயே பள்ளிச் சான்றிதழோடு தமிழ்த் துறையில் கேட்டு, எது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.