எஃப்.சி.ஆர்.ஏ. நிதி: சம்பளத்தைப் பிரித்துக் காட்ட மாதிரிப் படிவம் வேண்டும்

நண்பர்களே, மாலைப் பள்ளிக்கு வரும் வெளிநாட்டு நிதிக்கு பட்ஜெட் போடுகிறோம். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, முன்பு 50. ஆசிரியர் சம்பளம் இதில் சேராது. கணக்கர் சம்பளம், அலுவலக வாடகை, கரண்ட் பில் சேரும்.

சிக்கல் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தில்தான். காலையில் வவுச்சர் எழுதுகிறார், மாலையில் பாடம் எடுக்கிறார். மாதம் 18,000 ரூபாயையும் திட்டச் செலவில் போட்டால் ஆடிட்டர் கேள்வி கேட்பார். நிர்வாகத்தில் போட்டால் வரம்பு தாண்டிவிடும். தினமும் நேரப்பதிவேடு எழுதி, மணிக்கணக்கில் பிரிப்பதே நியாயமாகப் படுகிறது.

ஆடிட்டர் ஏற்றுக்கொண்ட பதிவேட்டுப் படிவம் இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டுப் பகிருங்கள். நியமன ஆணையில் இரண்டு வேலைகளையும் தனித்தனியாக எழுத வேண்டுமா என்றும் சொல்லுங்கள். வேறு அமைப்புக்கு நிதியை மாற்றிச் செலவழிக்கும் யோசனை மட்டும் வேண்டாம். அதே திருத்தம் அதைத் தடை செய்துவிட்டது.