ஆய்வகத்தில் தோல் வளர்க்க முடிகிறது என்றால், தொடையிலிருந்து ஏன் இன்னும் எடுக்கிறார்கள்?

உயிரியல் ஆசிரியை:

மேல்நிலை வகுப்பில் திசு வளர்ப்பைப் பற்றி நடத்தியபோது, மனிதத் தோலின் செல்களை ஆய்வகத்தில் பெருக்கும் முறை 1975-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டுவிட்டது என்று மாணவர்களிடம் கூறினேன். அப்படியென்றால் தீக்காயம் பட்டவரின் தொடையிலிருந்தே தோலைச் சீவி எடுத்து ஒட்டும் வழக்கம் இன்னும் ஏன் தொடர்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். செலவு அதிகம் என்று மட்டும் சொல்லி அவளை அமர வைக்க எனக்கு மனம் வரவில்லை. வளர்த்த தோலிலேயே ஏதேனும் குறை இருக்கிறதா? இத்துறையில் பணியாற்றுவோர் விளக்கினால் அப்படியே வகுப்பில் எடுத்துரைப்பேன்.

திசு வளர்ப்பு ஆய்வாளர்:

செலவும் ஒரு காரணம்தான், ஆனால் முதற்காரணம் அதுவன்று. தோல் என்று நாம் சொல்வது இரண்டு அடுக்குகள் சேர்ந்தது. மேலே கெரட்டினோசைட் செல்களால் ஆன மெல்லிய மேல்தோல். அதன் கீழே உறுதியைத் தரும் கொலாஜன் என்ற புரத இழைகள், இரத்தக் குழாய்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் தடித்த உள்தோல். 1975-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் ஆகிய இருவரும் பெருக்கிக் காட்டியது மேல்தோலின் செல்களை மட்டுமே. கதிர்வீச்சால் பெருகும் திறனை இழந்த எலியின் இணைப்புத் திசுச் செல்களைத் தட்டின் அடியில் பரப்பி, அவற்றின் துணையோடு மனிதச் செல்களை வளர்த்தார்கள். அதற்கு முன்பு தட்டில் சில நாள்களிலேயே சோர்ந்துபோன கெரட்டினோசைட்டுகள், இந்த ஏற்பாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து பெருகின.

இந்த முறையின் ஆற்றலை 1983-இல் உலகம் கண்டது. உடலின் 95 விழுக்காட்டுக்கும் மேல் வெந்துபோன, 5 மற்றும் 6 வயதான இரு சகோதரர்களுக்குப் பாஸ்டன் நகரின் தீக்காய மருத்துவமனையில் இவ்வாறு வளர்த்த மேல்தோல் ஒட்டப்பட்டது. அக்குளில் தீப்படாமல் எஞ்சிய சிறு துண்டிலிருந்து எடுத்த செல்களே அவர்களின் உடலில் பாதியளவை மூடின; இருவரும் பிழைத்தார்கள். எடுப்பதற்கே தோல் இல்லாதவருக்கு இதைவிட வேறு வழி இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆயினும் இவ்வாறு வளர்த்த மேல்தோல் விரிப்பு சில செல்களின் கனமே உடையது. உள்தோல் அழிந்துபோன புண்ணின் மீது அதைப் பரப்பினால், அதை அடியோடு பிணைக்கும் நங்கூர இழைகள் முதிர்வதற்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரை சிறு உராய்விலும் கொப்புளம் எழும். சில இடங்களில் விரிப்பே கழன்றுவிடும்.

தீக்காயப் பிரிவு மருத்துவர்:

ஆய்வாளர் கூறியதோடு அறுவை அரங்கின் நிலையையும் சேர்க்கிறேன். தொடையிலிருந்து நாங்கள் சீவுவது மேல்தோலையும் அதனோடு உள்தோலின் மேற்பகுதியையும் சேர்த்துத்தான். அந்தச் சிறிதளவு உள்தோலே ஒட்டுக்கு உறுதியைத் தருகிறது. எடுத்த இடமும், அங்கே எஞ்சிய மயிர்க்கால்களில் உள்ள செல்கள் மேலெழுந்து பரவுவதால், ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். தேவைப்பட்டால் அதே இடத்திலிருந்து மறுபடியும் எடுக்கலாம். வளர்த்த விரிப்புக்கோ மூன்று வாரங்கள் காத்திருக்க வேண்டும். திறந்த புண்ணோடு கிடக்கும் நோயாளிக்கு அந்த மூன்று வாரங்களில் கிருமித் தொற்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே இறந்தவர்கள் தானமாக அளித்த தோலைக் கொண்டு தற்காலிகமாக மூடுகிறோம். சில வாரங்களில் உடல் அதன் மேல்தோலை நிராகரித்தாலும், செல்கள் குறைந்த உள்தோல் பெரும்பாலும் தங்கிவிடும். அப்படித் தங்கிய உள்தோலின் மீது வளர்த்த விரிப்பைப் பரப்பும் முறையை 1986-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்டார்கள். வெறும் புண்ணில் பரப்புவதைவிட இது நன்றாகப் பிடிக்கிறது. மாட்டின் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து பெற்ற ஒரு பொருளையும் கலந்து, மேலே சிலிக்கோன் படலத்துடன் ஜான் பர்க், யானிஸ் யானாஸ் இருவரும் உருவாக்கிய செயற்கை உள்தோலும் இதே குறையை நிரப்ப எழுந்ததுதான்.

உயிரியல் ஆசிரியை:

மிக்க நன்றி, ஐயா. உள்தோல்தான் முடிச்சு என்று இப்போது புரிகிறது. அவ்வாறாயின், உள்தோல் சிதையாமல் மேல்தோல் மட்டும் இழந்த ஒருவருக்கு இந்த முறை முழுமையாகப் பயன்பட்டிருக்க வேண்டுமல்லவா?

திசு வளர்ப்பு ஆய்வாளர்:

சரியான இடத்தைத் தொட்டீர்கள், அம்மா. 2015-இல் ஜெர்மனியின் போகும் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 7 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதுதான் நடந்தது. இரண்டு அடுக்குகளையும் பிணைக்கும் லாமினின் புரதத்தின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணுவில் பிறவியிலேயே பழுது இருந்ததால், அவனுடைய மேல்தோல் கழன்று விழுந்துகொண்டே இருந்தது. தந்தையின் தோலை ஒட்டியும் பயனில்லை. இத்தாலியின் மோதெனா நகரில் மிக்கேலே தெ லூக்காவின் குழு அவனுடைய செல்களை எடுத்து, பழுதற்ற மரபணுவைச் செலுத்தி, வளர்த்து அனுப்பியது. உடலின் 80 விழுக்காடு புதிய மேல்தோலால் மூடப்பட்டது. அந்தத் தோல் இன்றளவும் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்குக் காரணம், வளர்த்த செல்களிடையே இருந்த மிகச் சில நீண்டகால ஸ்டெம் செல்களே, அதாவது தாமும் பெருகிப் பிற செல்களையும் தோற்றுவிக்கும் மூலச் செல்களே, என்பதையும் 2017-இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. என் பார்வையில் இந்த இரண்டாவது முடிவே பெரியது. எத்தனை செல்களை வளர்க்கிறோம் என்பதைவிட எந்தச் செல்களைக் காக்கிறோம் என்பதை இனி நாம் அளக்க வேண்டும்.

ஒப்பனைப் பொருள் பரிசோதனையாளர்:

உடலில் ஒட்டாத தோலைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். செல்களைத் துளைகள் கொண்ட படலத்தில் வளர்த்து, கீழே ஊட்டநீரும் மேலே காற்றும் படும்படி உயர்த்திவிட்டால், மேற்பரப்பில் உண்மையான தோலைப் போலவே இறந்த செல்களின் அடுக்கு உருவாகிறது. அதன் மேல் ஒரு பொருளைத் தடவி, உயிரோடுள்ள செல்கள் மட்டுமே ஊதாவாக மாற்றும் சாயத்தைச் சேர்த்து அளக்கிறோம். பாதிக்கும் மேற்பட்ட செல்கள் மடிந்தால் அப்பொருள் தோலை உறுத்தும் என்று கொள்ளப்படுகிறது. முன்பு இதற்கு முயல்களின் முதுகை மழித்துச் சோதித்தார்கள். இந்தியாவில் ஒப்பனைப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பது 2014-இல் தடைசெய்யப்பட்டது. அத்தடைக்குப் பின் எங்களுக்குத் தோள்கொடுப்பவற்றுள் இந்தச் சிறு வட்டத் தோல்களே முதன்மையானவை.

தீக்காயப் பிரிவு மருத்துவர்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வளர்த்த மேல்தோலிலும் சரி, நாங்கள் சீவி ஒட்டும் மெல்லிய தோலிலும் சரி, வியர்வைச் சுரப்பிகள் இல்லை. உடலின் பெரும்பகுதி இவ்வாறு மூடப்பட்டவர்கள் வெயிலில் உடல் வெப்பத்தைத் தணிக்க இயலாமல் தவிக்கிறார்கள். ஸ்டெம் செல்களிலிருந்து மயிர்க்கால்களோடு கூடிய நுண்தோலை வளர்த்துவிட்டதாக 2020-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் அறிவித்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால் அது முதிர நான்கைந்து மாதங்கள் ஆகிறது. என் நோயாளிக்கு அத்தனை அவகாசம் கிடையாது.