முத்து அண்ணன் தோளும் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தும்

மதினி: குறுக்குத்துறையில் படிப் பாசி வழுக்கி உங்கள் அண்ணன் விழுந்துவிட்டார்கள். வலது தோள் கழன்றுவிட்டது. எக்ஸ்ரே எடுத்து எலும்பை உள்ளே ஏற்றியாச்சு. கைக்குப் பெல்ட். 3 வாரம் அசைக்கக் கூடாதாம்.

பாளை சித்தி: ஐயோ சாஸ்தாவே

செல்வி: ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து மதினி!! பிள்ளையை யார் மடியில் வைப்பது

பெரியம்மா: ஆற்றுக்குப் போகாதே என்று சொன்னால் கேட்டால்தானே

பாளை சித்தி: எண்ணெய் போட்டு இழுத்துவிடுகிற வைத்தியரிடம் காட்டியிருக்கலாம்

டவுண் பெரியப்பா: இழுக்கிற வேலையே ஆகாது. எல்லாரும் கேளுங்கள். தோளில் எலும்பு 3. முன்னால் காறை எலும்பு, முதுகில் தோள்பட்டை எலும்பு, கீழே மேற்கை எலும்பு. மேற்கை எலும்பின் தலை உருண்டை. தோள்பட்டை எலும்பில் அது உட்காரும் குழிக்கு ஆழமே கிடையாது, தாம்பாளத்தில் வைத்த எலுமிச்சம்பழம்தான். குழி ஓரத்தில் வளையம் மாதிரி இருக்கிற நார்க்குருத்தெலும்பு விளிம்பும் சுற்றி 4 தசையும் பிடித்து நிறுத்துகின்றன. கை எல்லாப் பக்கமும் சுழல்வது அதனால்தான், கழல்வதும் அதனால்தான். பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் கழலும். பக்கத்திலேயே நரம்பு, ரத்தக்குழாய். எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்காமல் இழுக்கலாமா?

பாளை சித்தி: சரி அத்தான்

கணேசன் சென்னை: வகுப்பு ஆரம்பம். அட்டெண்டன்ஸ் போடுங்கள்

செல்வி: பெரியப்பா, மடி

டவுண் பெரியப்பா: வருகிறேன் அம்மா. தோள் உச்சியில் தொட்டால் ஒரு மேடு தெரியும், அங்கே காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேர்கின்றன. காறையின் மறுமுனை தொண்டைக்குழி ஓரம் நெஞ்செலும்போடு சேர்கிறது. மொத்தக் கையும் உடம்போடு எலும்பு வழியாகச் சேர்வது அந்த ஒரே இடத்தில்தான்! தோள்பட்டை எலும்பு விலாவுக்கு மேல் சதையில் வழுக்கிக்கொண்டு கிடக்கிறது. கையைத் தலைக்கு மேல் 180 டிகிரி தூக்கினால் அதில் ஏறக்குறைய 60 அது திரும்புவதால் வருவது.

கணேசன் சென்னை: பள்ளிக்கூடத்து எலும்புக்கூடு இன்னும் உங்கள் பரணில்தானா பெரியப்பா

இசக்கி: மடியில் வைக்கத் தோள் எதற்கு. அண்ணனே வைக்கட்டும்

செல்வி: அவள் உதைக்கிற உதைக்கு ஒரு கை போதுமாலே? நீ வருவியா மாட்டியா

இசக்கி: பத்திரிகையில் என் பெயரைக் காணோமே

பெரியம்மா: ஏலே ஆரம்பிக்காதே

கணேசன் சென்னை: கிணற்று மோட்டார் பஞ்சாயத்தே இன்னும் முடியலை

முத்து: இடது கையால் டைப். இசக்கி வரட்டும்

டவுண் பெரியப்பா: முத்து, வலி குறைந்தது என்று பெல்ட்டைக் கழற்றாதே. இளவட்டத்துக்குத்தான் திரும்பத் திரும்பக் கழலும். நீ 40 தாண்டியவன், தசைநார் கிழிந்திருக்கலாம். பெல்ட் எடுத்த பிறகும் கை தூக்க வரவில்லை என்றால் ஸ்கேன் எடு.

முத்து: சரி

பாளை சித்தி: பொங்கலுக்கு அரிசி யார்? கோயிலுக்குப் போகிற வழியில் பாபநாசம் வனத்துறை செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்களே, சீக்கிரம் கிளம்ப வேண்டாமா

இசக்கி: வேன் எத்தனை மணிக்கு

செல்வி: 5. மடிக்கு வருகிறாயா, சாப்பாட்டுக்கா

இசக்கி: பார்க்கலாம்

பாளை சித்தி: அரிசி யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை