வாக்கி டாக்கி: மலிவு செட் மழையில் படுத்துவிட்டது, விலை கூடியதை வாங்கலாமா?

ஏலக்காட்டான்:
வணக்கம். கேரளத்துச் சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சொந்த ஊர் போடி. காய் எடுக்கத் தினமும் போடிமெட்டு வழியாக ஜீப்பில் வரும் முப்பது பேர், முகட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று நிற்பார்கள். போன் சில இடத்தில் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், பல இடத்தில் எதையும் பிடிக்காது. யானை இறங்கினால் அந்தப் பக்கத்துக்குச் சொல்ல விசில்தான் வழி. மழை பெய்தால் அதுவும் கேட்காது.

ஆனி மாதம் ஆன்லைனில் ஒரு ஜோடி வாக்கி டாக்கி 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். 4 வாட், 10 கிலோமீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தது. இப்போது இரண்டு தொல்லை.

ஒன்று, முகட்டைத் தாண்டினால் கரகரவென்ற சத்தம்கூட இல்லை. நேர்த்தூரம் 1 கிலோமீட்டர்கூட இருக்காது.

இரண்டாவது, மழையில் நனைந்த நாளிலிருந்து ஒரு செட்டில் யாரும் தொடாமலே சிவப்பு விளக்கு எரிகிறது. அது எரியும்வரை இன்னொரு செட்டிலும் பேச முடிவதில்லை. காலையில் நிறைய சார்ஜ் போட்டுக் கொண்டுபோனால் பத்தரை மணி டீக்குள் காலி.

முதலாளி “இது விளையாட்டுச் சாமான், நல்லதாக வாங்கு” என்கிறார். கம்பெனி செட் ஒன்றுக்கு 14,000 கேட்கிறார்கள். அவ்வளவு கொடுத்தால் முகட்டைத் தாண்டுமா?

கம்பம்_எலக்ட்ரிக்கல்:
தம்பி, இரண்டு செட்டிலும் டோன் வேறு வேறாக வைத்திருப்பீர்கள். ஒரே டோன் உள்ள செட்டின் பேச்சு மட்டும் கேட்கிற மாதிரி வைக்கும் வசதி அது, சிடிசிஎஸ்எஸ் என்று மெனுவில் இருக்கும். இரண்டிலும் ஒரே எண் வையுங்கள், சரியாகிவிடும்.

ஏலக்காட்டான்:
பார்த்துவிட்டேன் அண்ணே, இரண்டிலும் டோன் ஆஃப். முகட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் நன்றாகவே பேசுகிறது.

பழைய_ஹாம்:
டோன் இல்லை தம்பி. இரண்டு தொல்லைக்கும் காரணம் வேறு வேறு. தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் சிவப்பு விளக்கு. செட்டின் பக்கவாட்டில் ஹெட்செட் சொருகும் இரட்டை ஓட்டை இருக்கும், மேலே சின்ன ரப்பர் மூடி. அந்த மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் தண்ணீர் போனால், வெளி மைக்கைச் சொருகி யாரோ பட்டனை அழுத்துகிறார்கள் என்று செட் நினைத்துக்கொள்ளும். உடனே ஒலிபரப்ப ஆரம்பித்துவிடும். சானல் முழுக்க அதன் ஆக்கிரமிப்பு, வேறு யாரும் பேச முடியாது. கேட்பதற்கு ஆகும் கரன்டைவிட அனுப்புவதற்குப் பல மடங்கு ஆகும், அதனால்தான் டீ வேளைக்குள் பேட்டரி தீர்கிறது. செட்டின் முதுகு சூடாக இருந்திருக்குமே?

ஏலக்காட்டான்:
ஆமாம் சார், தோசைக்கல் மாதிரி! செட் வாங்கின வாரத்திலேயே மூடி தொலைந்துவிட்டது. ஸ்டோரில் காய் உலர்த்துகிற அறையில் ஒரு ராத்திரி வைக்கட்டுமா?

பழைய_ஹாம்:
வைக்கலாம், ஆனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். அந்த அறை 50 டிகிரி பக்கம் போகும், லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. மூடிக்குப் பதில் சைக்கிள் டியூப் ஒரு துண்டு வெட்டி இறுக்கினால் போதும்.

அடுத்தது முகடு. 10 கிலோமீட்டர் என்பது முழுப் பொய் இல்லை. வெட்டவெளியில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் செட்டைப் பிடித்தால் ரேடியோவின் அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் எல்லை, சுமார் 5 கிலோமீட்டர். எதிரே நிற்பவருக்கும் 5. கூட்டினால் பெட்டியில் போட்ட கணக்கு. கடலிலும் ஏரியிலும் ஓரளவு கிடைக்கும். உங்களுக்கு நடுவில் நிற்பது மலை. இந்த அலைவரிசையில் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் போகும், மண்ணையும் பாறையையும் துளைக்காது. 14,000 ரூபாய் செட்டின் அலையும் அதே அலைதான்.

வாட்டைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அரை வாட்டை 4 வாட் ஆக்கினால் சக்தி எட்டு மடங்கு, ஆனால் தடையே இல்லாத இடத்தில்கூடத் தூரம் மூன்று மடங்கு ஆகாது. நிழல் மரமும் நனைந்த ஏல இலையும் உள்ள காட்டில் அதுவும் கிடைக்காது.

போடி_மளிகை:
அப்போது விலை கூடிய செட் எல்லாம் பெயருக்குத்தானா?

பழைய_ஹாம்:
அப்படிச் சொல்லவில்லை. ஐபி என்பது தூசும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்கிற தரக் குறியீடு. ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டும். ஐபி54 என்றால் தெறிப்பைத் தாங்கும், அவ்வளவுதான். உங்கள் ஊர் தென்மேற்கு மழைக்கு முதலாவதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. பக்கத்தில் மருந்தடிக்கிற மெஷின் ஓடும்போதும் கேட்கிற ஸ்பீக்கர், கீழே விழுந்தாலும் கழன்றுகொள்ளாத பேட்டரி, அக்கம்பக்கத்து பலமான சிக்னலில் காது அடைத்துப் போகாத ரிசீவர், இதற்கெல்லாம்தான் விலை. நானே மலிவு செட்டில் பழகியவன்தான், பழகுவதற்கு அது நல்ல சாமான். தூரத்துக்காக என்று மட்டும் காசு போடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. நீங்கள் சொல்லும் 4 வாட் செட்டை லைசென்ஸ் இல்லாமல் தோட்டத்தில் ஓட்டுவது சட்டப்படி தப்பு. நம் நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இந்த மாதிரி கைச்செட்டுக்கு லைசென்ஸ் விலக்கு, 2018 விதிப்படி. அதிலும் இ.டி.ஏ. என்கிற அரசின் கருவி ஒப்புதல் சான்று உள்ள குறைந்த பவர் செட்டாக இருக்க வேண்டும். சான்று இல்லாததை ஆன்லைனில் கண்டபடி விற்கிறார்கள் என்றுதான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனைத் தளங்களுக்குத் தனி வழிகாட்டுதலே போட்டது.

ஏலக்காட்டான்:
ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்துவிட்டால் ஓட்டலாமா சார்?

பழைய_ஹாம்:
பரீட்சை எழுதி எடுங்கள், சந்தோஷம். ஆனால் அது பொழுதுபோக்குக்கும் பேரிடர் உதவிக்கும்தான். கூலி வேலை, காய்க் கணக்கு எல்லாம் அதில் பேசக் கூடாது. தோட்டத்துக்கென்று பெரிய பவர் வேண்டுமானால் முதலாளி தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் தனி லைசென்ஸுக்கு எழுத வேண்டும். முப்பது பேருக்கு அது தேவையா என்று யோசியுங்கள்.

சூரியநெல்லி_ஜீப்:
கொழுக்குமலைக்கு டூரிஸ்ட் ஏற்றுகிறவன் நான். எங்களிடம் அரை வாட் செட் மூன்று இருக்கிறது, 446 வகைதான். ஆண்டெனா கழற்ற முடியாது, பார்க்க குட்டி. ஆனால் மேலே வியூபாயிண்டில் நிற்கிற வண்டியும் கீழே வளைவில் வருகிற வண்டியும் தெளிவாகப் பேசும். ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற இடமாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

போனை நம்பாதீர்கள் என்பதை நானும் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மேல் மண் சரிந்தபோது போனும் இல்லை, கரன்டும் இல்லை. வெளியே தெரிய மறுநாள் காலை ஆனது. இறந்தது 70 பேர், முக்கால்வாசி நம் தமிழ் ஆட்கள்.

பழைய_ஹாம்:
அது நெஞ்சை விட்டுப் போகாது. ஆனால் செட் இருந்தால் மட்டும் போதாது அண்ணே, அந்த நேரத்தில் எதிர்முனையில் ஒருவர் விழித்திருந்து கேட்க வேண்டும்.

ஏலக்காட்டுத் தம்பி, உங்கள் முகட்டின் உச்சியில் ஏதாவது கட்டடம், தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? அங்கே மூன்றாவது செட்டோடு ஒரு ஆள் இருந்து, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் திருப்பிச் சொன்னால் வேலை முடிந்தது.

ஏலக்காட்டான்:
சார்!! யானைக் காவலுக்குப் போட்ட ஏறுமாடம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் காவல்காரத் தாத்தா பகல் முழுக்க அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் அவர் கண்ணுக்குத் தெரியும். இத்தனை நாள் இது தோன்றவே இல்லை.

சூரியநெல்லி_ஜீப்:
திங்கள்கிழமை எனக்கு ஓட்டம் இல்லை. பூப்பாறை வந்து மூன்று செட்டையும் வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். சாயந்திரம் திருப்பிக் கொடுத்தால் போதும்.

ஏலக்காட்டான்:
முடிவைச் சொல்லிவிடுகிறேன். பழைய செட்டைக் காய வைத்ததும் சிவப்பு விளக்கு அணைந்தது, சார் சொன்னது சரி. சட்டப் பிரச்சினை இருப்பதால் இரண்டையும் பேட்டரி கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

திங்கள்கிழமை அண்ணனின் அரை வாட் செட்டில் பார்த்தோம். கீழே ஓடையருகே நின்று நான் பேசினது ஏறுமாடத்துக்குத் தெளிவாகப் போனது. தாத்தா திருப்பிச் சொன்னதை அந்தப் பக்கக் கங்காணி கேட்டுப் பதிலும் சொன்னார். பலா மரத்தடியில் மட்டும் விட்டு விட்டு வந்தது, நாலு எட்டு தள்ளி நின்றால் சரியாகிறது.

முதலாளியிடம் சான்று உள்ள 446 செட்டாக, ஐபி67 பார்த்து, மூன்று கேட்டிருக்கிறேன். விலை முதலில் சொன்ன 14,000-இல் பாதிகூட வராது, சரி என்றுவிட்டார். ஒரே தொந்தரவு தாத்தாதான். அன்றைக்கு யானை வரவில்லை, ஆனால் பதினோரு மணிக்குள் மூன்று தடவை கூப்பிட்டு மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டார்.