புதுப்பிப்பு: மன்னார்குடி அரிசி ஆலையின் பழைய பாக்ஸ்புரோ கணக்கு, புதிய கணினியில் ஓடுகிறது

டாஸ் (கட்டளை தட்டச்சு செய்யும் பழைய இயங்குதளம்) காலத்து பாக்ஸ்புரோ 2.6 என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதிய நெல் கொள்முதல் கணக்கு, விண்டோஸ் 11 கணினியில் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். குறுவை வரத்துக்கு முன்னால் சரியாகிவிட்டது, பெரிய நிம்மதி.

செயலி 64 பிட் முறையில் இயங்கும்போது, டாஸ் நிரல்களுக்கு வேண்டிய மெய்நிகர் 8086 முறை (பழைய 16 பிட் செயலி போல இயங்கும் வசதி) அதில் கிடைக்காது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பும் கிடையாது. ஆகவே சிலர் சொன்ன, பழைய விண்டோஸ் போல நிரலை ஓட்டும் கம்பாட்டிபிலிட்டி அமைப்பு இதற்கு உதவாது. டாஸ் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, டேட்டா ஃபோல்டரை சி டிரைவாக மவுண்ட் செய்தேன். சிப்பம், ஈரப்பதம், வண்டி எண் என்று அதே திரை வந்தது. கணக்குப்பிள்ளை ஐயா பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கே தம்பி" என்றார்.

பிரிண்டர்தான் படுத்தி எடுத்தது. கார்பன் வைத்து நகல் எடுக்க டாட் மேட்ரிக்ஸ்தான் வேண்டும். புதிய கணினியில் பேரலல் போர்ட் இல்லை. யூஎஸ்பி மாற்றுக் கேபிள் விண்டோஸில் பிரிண்டராகத் தெரியும், டாஸ் நிரல் தேடும் எல்பிடி1 என்ற பேரலல் போர்ட்டாகத் தெரியாது. அதனால் டாஸ்பாக்ஸின் பேரலல் வெளியீட்டை ஒரு ஃபைலாகத் திருப்பிவிட்டு, அந்த ஃபைலை ஷேர் செய்த பிரிண்டருக்கு பைனரியாக காப்பி செய்ய ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். நெருக்க எழுத்துக்கான கட்டளைகூட சிதையாமல் போகிறது, ரசீது கட்டத்துக்குள் கச்சிதமாக விழுகிறது.

இதே வழியில் போகிறவர்கள், ஒரே டிபிஎஃப் ஃபைலை (பாக்ஸ்புரோவின் தரவு ஃபைல்) இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் திறக்க விடாதீர்கள். பதிவுகளைத் தேட உதவும் இண்டெக்ஸ் கெட்டுப்போகலாம்.