ஹைவெல்ட் இடிமழையைப் படமெடுக்க முதல் கேமரா: 12,000 ராண்டுக்குள் என்ன வாங்கலாம்?

மேகம்பார்ப்பவன், மிட்ராண்ட்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வேலைக்காக இங்கே, தென்னாப்பிரிக்காவின் ஹைவெல்ட் பீடபூமிக்கு, வந்து இரண்டு வருடம் ஆகிறது. நம் ஊரில் ஐப்பசி மழை என்றால் நாள்கணக்கில் மூடிக்கொண்டு பெய்யும். இங்கே அக்டோபர் பிறந்துவிட்டால் காலையில் துடைத்துவிட்ட மாதிரி வானம், இரண்டு மணிக்குக் காலிஃபிளவர் போல மேகம் எழும்பும், நாலு மணிக்கு இடியும் ஆலங்கட்டியும், ஆறு மணிக்குத் திரும்ப வெயில். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. பால்கனி கிழக்குப் பார்த்தது. தூரத்தில் நிஜாமியே மசூதியின் மினாரட்டுகள் தெரியும். போனில் எடுத்தால் மேகத்தின் மடிப்பெல்லாம் வெள்ளை வெளேரென்று போய்விடுகிறது, இல்லையென்றால் கீழே ஊர் கறுத்துவிடுகிறது. மின்னல் ஒன்றுகூட இதுவரை மாட்டவில்லை. கையில் 12,000 ராண்ட் சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் கேட்டால் முழுப் பணத்தையும் ஒரு புது மிரர்லெஸ் கேமராவின் பாடியிலேயே (லென்ஸ் இல்லாத உடல்) போடச் சொல்கிறார்கள். டிசம்பர் விடுமுறையில் டிராகன்ஸ்பர்க் மலைக்குப் போகவும் திட்டம் இருக்கிறது. எதை வாங்குவது? பழைய கேமரா வாங்கலாமா?

மலைப்பாதை, பீட்டர்மரிட்ஸ்பர்க்:

தம்பி, முழுப் பணத்தையும் பாடியில் போடாதீர்கள். மேகமும் மலையும் ஓடிப்போகிற பொருள்கள் இல்லை. வேகமான ஆட்டோஃபோகஸ், நொடிக்குப் பத்துப் படம் என்று புதிய பாடிகள் தருவதில் பாதி உங்களுக்கு வேண்டியதே இல்லை. உங்களுக்கு வேண்டியது மூன்று: எல்லாவற்றையும் நீங்களே அமைக்கும் மேனுவல் மோடு, சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல், கேபிள் ரிலீஸ் (கேமராவைத் தொடாமல் படமெடுக்கும் கம்பிப் பட்டன்) மாட்ட ஓர் இடம். 2013-இல் வந்த நிக்கான் டி5300-இல் மூன்றும் இருக்கின்றன. 24 மெகாபிக்சல், திரையைத் திருப்பவும் முடியும். கேனான் 200டி கிடைத்தாலும் சரி. கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸோடு பழையதாக வாங்குங்கள். மிச்சப் பணத்தில் முதலில் ட்ரைபாட் (முக்காலி).

ட்ரைபாட் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் கோட்டைவிடுவது இங்கேதான். இடிமழைக்கு முன்னால் ஒரு குளிர்காற்று அடிக்குமே, மரமெல்லாம் ஒரே பக்கமாகச் சாயும், படம் எடுக்க வேண்டிய நேரமே அதுதான். சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற லேசான ட்ரைபாட் அந்தக் காற்றில் கோழி இறகு மாதிரி நடுங்கும். பழைய அலுமினியம் மன்ஃப்ராட்டோ 190 மாதிரி ஏதாவது கிடைத்தால் விடாதீர்கள். நடுக்கம்பை உயர்த்தாதீர்கள். கால்களை மட்டும் நீட்டி, கேமரா பையை நடுவில் தொங்கவிடுங்கள், பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். தொங்கி ஆடினால் அதுவே கேமராவை ஆட்டும்.

அப்புறம் லென்ஸ். முதலில் வைட் ஆங்கிள்தான் வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறோம். ஹைவெல்டில் 60, 70 கிலோமீட்டருக்கு அப்பால் எழும் மேகக் கோபுரம்கூட வீட்டிலிருந்து முழுசாகத் தெரியும். அதன் உச்சி பட்டறைக்கல் மாதிரி தட்டையாக விரிவதை எடுக்க, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் 55-200 போன்ற லென்ஸ்தான் உதவும். பழைய 55-200 விஆர் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உள்ளது) அதிக விலை இருக்காது. போலரைசர், மற்ற ஃபில்டர் எல்லாம் அடுத்த வருடம் பார்க்கலாம்.

இன்னொன்று. உங்களுக்குக் கிழக்குப் பால்கனி அமைந்திருக்கிறது, அது பெரிய வசதி. இங்கே கோடை இடிமழை பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வந்து கிழக்கே போகும். வரும்போது எடுக்க ஆசைப்படாதீர்கள். தலைக்கு மேல் கடந்து போகட்டும். சாயங்காலம் மேற்கே வானம் திறந்து, தாழ்ந்த வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விலகிப்போகும் மேகத்தின் மேல் விழும். வானவில்லும் அந்தப் பக்கம்தான் வரும். போன் கேமராவாலேயே அந்த நேரத்தில் நல்ல படம் எடுத்திருக்கிறேன்.

கடலோரம், டர்பன்:

அண்ணா சொன்னதெல்லாம் சரி. பழையது வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கடற்கரை ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். விற்பவர் டர்பன் பக்கத்திலிருந்து வந்தவர் என்றால் இன்னும் கவனம். லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை) திறந்து, பின்பக்கமாகப் போன் டார்ச்சை அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். நான் ஒருமுறை ஏமாந்தேன். அந்த லென்ஸில் வெயிலுக்கு எதிராக எடுத்த படமெல்லாம் பால் கலந்த மாதிரி மங்கல்.

அப்பர்ச்சரை எஃப்/16-க்குச் சுருக்கி (எண் கூடினால் துளை சிறிதாகும்) வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அது சுத்தம் செய்யக்கூடியதுதான், விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி5300-இன் ஷட்டரை ஒரு லட்சம் முறைக்குச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. 20, 30 ஆயிரத்துக்குள் இருந்தால் நிம்மதி. கேமராவைப் பார்க்க மாலில், ஆள் நடமாட்டமுள்ள காபிக் கடையில் சந்தியுங்கள். யார் வீட்டுக்கும் போக வேண்டாம்.

டர்பன் பக்கம் வந்தால் இன்னொரு தொல்லை. ஏசி காரிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு உம்லாங்கா கலங்கரை விளக்கத்துப் பக்கம் இறங்கினால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். இறங்கும் முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறவுங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸில் படியாது.

மேகம்பார்ப்பவன், மிட்ராண்ட்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்னபடியே டி5300, 18-55 விஆர் இரண்டாம் பதிப்பு, ஒரு கனமான பழைய ட்ரைபாட், கேபிள் ரிலீஸ். எல்லாம் சேர்த்து 12,000-க்குள் அடங்கிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன் அக்கா, லென்ஸ் சுத்தம்.

நேற்று இரவு நல்ல மின்னல். பால்கனியில் ட்ரைபாடை வைத்து 20 நொடி, எஃப்/5.6, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400. மூன்று பிரச்சினை. ஒன்று, எல்லாப் படமும் லேசாகக் கலங்கியிருக்கிறது, மினாரட் விளக்குகூடக் கூர்மையாக இல்லை. இரண்டு, ஒவ்வொரு படம் முடிந்ததும் கேமரா இன்னொரு 20 நொடி அசையாமல் நிற்கிறது, வியூஃபைண்டரில் 'ஜாப் என்ஆர்' என்று மின்னுகிறது. நல்ல மின்னலெல்லாம் அந்த நேரத்தில்தான் விழுகிறது! மூன்று, மாட்டிய ஒரே மின்னலும் தடித்த வெள்ளைக் கோடாக இருக்கிறது. கேமரா பழுதா?

இரவுப்பறவை, சென்சூரியன்:

பழுது எதுவும் இல்லை, பயப்படாதீர்கள்.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். அது லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன். நீங்கள் 20 நொடி எடுத்தால், கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 20 நொடி இருட்டுப் படம் எடுத்து, அதை வைத்துப் புள்ளிகளைக் கழிக்கும். நட்சத்திரம் எடுக்கும்போது அது நல்லது. மின்னலுக்கு ஆகாது, பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதற்குச் சமம். ஷூட்டிங் மெனுவில் ஆஃப் செய்யுங்கள். பிறகு கன்டினியூவஸ் மோடில் வைத்து, கேபிள் பட்டனைப் பூட்டிவிட்டால் ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும்.

கலங்கலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். லென்ஸின் பக்கவாட்டில் இரண்டு சுவிட்ச் இருக்கும். விஆர் சுவிட்சை ஆஃபில் வையுங்கள். ட்ரைபாடில் அசைவே இல்லாதபோது விஆர் தானே அசைவைத் தேடி லென்ஸை நகர்த்திவிடும். மற்றது ஃபோகஸ். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். உங்கள் லென்ஸில் தூர அளவும் எழுதியிருக்காது. அதனால் இன்னொரு சுவிட்சை 'எம்'-இல் (மேனுவல்) வைத்து, லைவ் வியூவில், அதாவது பின்திரையில், மினாரட் விளக்கைப் பெரிதாக்கி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, அப்படியே விட்டுவிடுங்கள். நான் வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவைப்பேன், கை பட்டு நகராது.

மின்னல் தடிப்பது அதிக வெளிச்சத்தால். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மின்னல் நொடியில் ஒரு துளி நேரம்தான் இருக்கிறது, அதனால் ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்துவைத்தாலும் மின்னலின் பிரகாசம் மாறாது. அதைக் கட்டுப்படுத்துவது அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் மட்டும். ஷட்டர் நேரம் ஊர் விளக்குகளின் வெளிச்சத்தைத்தான் கூட்டும், குறைக்கும். ஐஎஸ்ஓ 100, எஃப்/8-இல் தொடங்குங்கள். மின்னல் ரொம்பப் பக்கத்தில் என்றால் எஃப்/11. மிட்ராண்ட் விளக்குகளுக்கு 8 முதல் 10 நொடி போதும். 2023 லோட்ஷெட்டிங் (மின்வெட்டு) இரவுகளில் ஊரே இருட்டாக இருந்தபோது 30 நொடிகூட வைத்தோம்.

மலைப்பாதை, பீட்டர்மரிட்ஸ்பர்க்:

தம்பி, பால்கனி என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. இரும்புக் கம்பி, அலுமினியம் ட்ரைபாட், கையில் கேபிள். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம், உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம். அறைக்குள் விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, சுற்றிக் கறுப்புத் துணி போட்டால் பிரதிபலிப்பு வராது. உள்ளிருந்தே எடுக்கலாம்.

டிராகன்ஸ்பர்க்குக்கும் இதே பேச்சுதான். அங்கே ராயல் நேட்டால் தேசியப் பூங்காவில் தெண்டெலே முகாம் பக்கம் நின்றால் ஆம்ஃபிதியேட்டர் என்கிற பாறைச் சுவர் முழுக்க எதிரே நிற்கும், ஐந்து கிலோமீட்டர் நீளம். டிசம்பரில் ஐந்து மணிவாக்கில் சூரியன் வந்துவிடும், அந்த முதல் வெளிச்சத்தில் பாறை செம்பு நிறமாகும். நாலரைக்கே ட்ரைபாட் தயாராக இருக்கட்டும். மேலே ஏற ஆசை வரும். 948 மீட்டர் விழும் துகேலா அருவியின் உச்சிக்குப் போகும் பாதையில் சங்கிலி ஏணிகள் இருக்கின்றன, இரும்பு. மதியத்துக்கு மேல் இடி வந்தால் அந்த ஏணியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. விடியலில் ஏறி, பன்னிரண்டு மணிக்கு முன் இறங்கிவிடுங்கள்.

மேகம்பார்ப்பவன், மிட்ராண்ட்:

அண்ணா, இனி பால்கனியில் நிற்கவில்லை. நேற்று வரவேற்பறை ஜன்னலுக்குள்ளிருந்து, மனைவியின் கறுப்புத் துப்பட்டாவைச் சுற்றி, ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 10 நொடி. ஜாப் என்ஆர் இல்லை. 140 படம் ஓடியது, நாலில் மின்னல். ஒன்றில் மசூதியின் இடதுபக்கம் வேர் மாதிரி ஐந்து கிளையாகப் பிரிந்து இறங்குகிறது, நுனிக் கிளைகூடத் தலைமுடி மாதிரி மெல்லிசாகத் தெரிகிறது. ஊரில் அப்பாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மினாரட்டில் எத்தனை விளக்கு என்று எண்ணிச் சொன்னார்.

தெண்டெலேயில் மூன்று இரவுக்கு இடம் போட்டாயிற்று. 55-200 பழையது ஒன்று பிரிட்டோரியாவில் விற்பனைக்கு இருக்கிறது. சனிக்கிழமை டார்ச்சோடு போகிறேன்.