வெங்கன் – மென்லிகன் கேபிள்கார் ஆப்ல வரவே மாட்டேங்குது, அவசரம்

கார்த்தி88 (மார்ச் 11, இரவு 9:40)
எல்லாருக்கும் வணக்கம். நானும் மனைவியும் கல்யாண நாளுக்கு ஸ்விஸ் போறோம், சின்ன ட்ரிப்தான். வெங்கன்ங்கற மலை ஊர்ல ரூம் போட்டாச்சு. அங்கேர்ந்து கேபிள்கார்ல மென்லிகன் மலைக்கு ஏறி, கிளைன ஷைடெக்ங்கற மலை ரயில் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கணும். இந்த நடைக்காகத்தான் போறதே. ஆனா ஆப்ல வெங்கன் டு மென்லிகன் போட்டா இணைப்பே இல்லைன்னு வருது. என் போன், அவ போன் ரெண்டுலயும் இதே கதை. ரூமைக் காசு பிடிக்காம கேன்சல் பண்ண நாளைக்கு ராத்திரி வரைக்கும்தான் டைம். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மீரா எஸ் (9:52)
எந்த ஆப்? எந்த தேதிக்குப் போட்டுப் பார்த்தீங்க? எங்கேர்ந்து வர்றீங்க? இது மூணும் இல்லாம யாராலயும் எதுவும் சொல்ல முடியாதுங்க.

நெல்லை மைந்தன் (9:58)
எனக்கு வருதே சார். இப்பதான் போட்டுப் பார்த்தேன். வெங்கன் ஸ்டேஷன்லேர்ந்து ஊருக்குள்ள கொஞ்சம் நடை, அப்புறம் கேபிள்கார், அஞ்சாறு நிமிஷத்துல மேல. நாளைக்குக் காலைலேர்ந்து வரிசையா காட்டுது. உங்க போன்லதான் ஏதோ கோளாறு.

டெக் தம்பி (10:03)
ப்ரோ, மென்லிகனை ஜெர்மன்ல எழுதறப்ப முதல் எழுத்துக்கு அடுத்த எழுத்து மேல ரெண்டு புள்ளி இருக்கும். ஜெர்மன் கீபோர்டு போட்டு அதைச் சரியா அடிங்க. புள்ளி இல்லாம அடிச்சா வேற ஊரைத் தேடும். நூத்துக்கு நூறு இதான். அப்படியும் வரலேன்னா கேஷ் க்ளியர் பண்ணிட்டு போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

கார்த்தி88 (10:21)
எஸ்பிபி, அதான் ஸ்விஸ் ரயில்வே ஆப்தான். புள்ளி வச்சும் பார்த்தேன், வைக்காமயும் பார்த்தேன். லிஸ்ட்லேர்ந்துதான் ஊரை எடுத்தேன், அதனால எழுத்துப் பிரச்சினை இல்லை. கேஷ் க்ளியர் பண்ணி, அழிச்சு மறுபடி ஏத்தியும் ஆச்சு. நெல்லை சாருக்கு வருதுன்னா எனக்கு மட்டும் ஏன் வரலை?

மீரா எஸ் (10:24)
தேதி?

பயணி பாஸ்கர் (10:40)
இந்தத் தளத்துல தேடல்னு ஒரு பெட்டி இருக்கு. ஸ்விஸ்ல எத்தனை இழை ஓடியிருக்கு, ஒண்ணையாவது படிச்சீங்களா தம்பி? யூடியூப்ல ரெண்டு நிமிஷ வீடியோ பார்க்க வேண்டியது, ரூமைப் போட வேண்டியது, அப்புறம் இங்க வந்து அவசரம்னு அலற வேண்டியது. பதில் ரொம்பச் சுலபம். மலை ரயிலெல்லாம் தனியார் கம்பெனி. அவங்களோட புது வருஷ நேர அட்டவணை இன்னும் ஏறியிருக்காது. இன்னும் ஒரு மாசம் கழிச்சுப் பாருங்க, தானா வரும். பயணத்துக்கு முதல்ல வேண்டியது பொறுமை.

கோவை சிவா (10:47)
இவ்ளோ செலவு பண்ணி அங்க போயி நடக்கறதுக்கு நம்ம வால்பாறை போதுமுங்களே.

குமரேசன் (10:55)
ஆப் கிடக்கட்டும். ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்துட்டீங்களா? 3, 4, 6, 8, 15 நாள்னு இருக்கு. ரயில், பஸ், படகு எல்லாம் அதுலயே அடங்கிடும். வெங்கன் வரைக்கும் தனியா டிக்கெட்டே வேண்டாம். பாஸ் கையில இருந்தா ஆப் எதுக்கு, ஏறி உக்காந்தா ஆச்சு.

மீரா எஸ் (11:04)
குமரேசன் சார், வெங்கன் வரைக்கும்தான் அந்தப் பாஸ் முழுசா செல்லும். அதுக்கு மேல வெறும் தள்ளுபடிதான். மலைமேல மட்டும் சுத்தறவங்களுக்கு ஹாஃப் ஃபேர் கார்டு எடுக்கறதுதான் புத்திசாலித்தனம். ஒரு மாசம் செல்லும், ரயிலுக்கும் பாதி, அனேகமா எல்லா கேபிள்காருக்கும் பாதி. யுங்ஃப்ரவ்யோக்னு பனி உச்சியில இருக்கற ரயில் ஸ்டேஷனுக்குப் போறதா இருந்தாக்கூட பாதி.

குமரேசன் (11:12)
ஒவ்வொரு தடவையும் கியூல நின்னு டிக்கெட் எடுக்கறது விடுமுறையாம்மா? பாஸ்னா பக்கத்து மலை ஊர் மியூரன் வரைக்கும் கேபிள்கார் உள்பட இலவசம். மியூசியம் இலவசம். ரிகி மலை இலவசம்.

மீரா எஸ் (11:15)
கியூ எதுக்கு, போன்லயே எடுக்கலாமே. அவங்க நடக்கப் போறாங்க சார், மியூசியம் பார்க்க இல்லை. ரிகி எங்கயோ லுட்சர்ன் பக்கம் இருக்கு.

குமரேசன் (11:19)
நடக்கறவங்களுக்கும் மழை வரும். மழை வந்தா மியூசியம்தான்.

பயணி பாஸ்கர் (11:30)
ரெண்டு பேரும் தப்பு. ரொம்ப முன்னாடியே போடறவங்களுக்கு ஒரு நாள் சலுகைச் சீட்டு இருக்கு, ஹாஃப் ஃபேரோட சேர்த்தா இன்னும் மலிவு. இதெல்லாம் என் பழைய பதிவுல விவரமா எழுதியிருக்கேன். யார் படிக்கறா.

வடமராட்சியான் (மார்ச் 12, காலை 6:10)
வணக்கம் தம்பி. நான் வெங்கனுக்குக் கிட்ட இன்டர்லாகனில ஹோட்டல் குசினியில, சமையலறையில வேலை. வேலைக்குப் போகமுன்னம் பாத்தன், அதால சுருக்கமாக் கேக்கிறன். நீங்கள் எந்த மாசம் வாறியள்? நெல்லை அண்ணை போட்டது நாளையான் திகதிக்கு. இப்ப பனிச்சறுக்குக் காலம், கேபிள்கார் ஓடுது, அதுதான் அவருக்கு வருது. உங்கட திகதிக்கு வராட்டில் அந்தத் திகதியில அது ஓடேல்லை எண்டுதான் அர்த்தம். ஆப் பிழை இல்லை.

பாஸ்கர் அண்ணை, நேர அட்டவணை மாறுறது டிசம்பர் மாசம் இரண்டாவது சனிக்கு அடுத்த நாள், ஞாயிறு. இந்த வருசத்தின்ர அட்டவணை எப்பவோ ஏறியிட்டுது.

பயணி பாஸ்கர் (7:45)
நான் பொதுவாச் சொன்னேன்.

கார்த்தி88 (8:02)
மே ரெண்டாவது வாரம் அண்ணா. ஜெர்மனில ஸ்டுட்கார்ட்லேர்ந்து கார்ல வர்றோம், அதனால பாஸ், கார்டு எதுவும் பார்க்கலை. மே மாசம்னா வசந்தகாலம்தானே, பூவெல்லாம் பூத்திருக்கும்னு நினைச்சோம். ஓடாதா?

நெல்லை மைந்தன் (8:10)
கார்லயா! ராத்திரி பூரா பாஸா கார்டான்னு ரெண்டு பேர் மல்லுக்கட்டினாங்களே.

குமரேசன் (8:16)
கார்ல வந்தாலும் பாஸ் எடுக்கறவங்க இருக்காங்க.

வடமராட்சியான் (பிற்பகல் 2:35)
இப்பதான் மத்தியானச் சாப்பாடு முடிஞ்சுது. வடிவாச் சொல்லுறன்.

இஞ்ச இரண்டு சீசன். பனிக்காலம் ஏப்ரல் நடுப்பகுதியோட முடியும். கோடைகாலம் மே கடைசியில, சில இடங்களில ஜூனிலதான் தொடங்கும். இடையில இருக்கிற கிழமையள்ல கேபிள்கார்க் கம்பனிகள் கம்பி, சில்லு, பிரேக் எல்லாம் கழட்டிப் பரிசோதிப்பினம். நவம்பரிலயும் இதே மாதிரித்தான். வெங்கன் – மென்லிகன் அந்த இடையில நிக்கும். மலைக்கு மற்றப் பக்கத்து ஊர் கிரிண்டல்வால்டில இருந்து மென்லிகனுக்கு வாற கொண்டோலாவும், அதுதான் சின்னப் பெட்டிக் கேபிள்கார், அந்த நேரம் பூட்டுத்தான். அதாலதான் ஆப்புக்கு வேற வழி ஒண்டும் கிடைக்கேல்லை.

கேபிள்கார் ஓடினாலும் அந்தப் பாதை மே நடுப்பகுதியில ஏலாது. மென்லிகன் ஸ்டேஷன் 2,200 மீற்றருக்கு மேல, கிளைன ஷைடெக் 2,061 மீற்றர். கோடையில அது குழந்தைவண்டிலோட போற மாதிரியான லேசான பாதை, ஒண்டரை மணித்தியாலம் காணும். ஆனா சுக்கன் மலைச்சரிவைக் குறுக்கால வெட்டிக்கொண்டு போகுது. அந்தச் சரிவில இருந்து விழுந்த பனி பாதைக்கு மேல கிடக்கும், அதை மெஷினால வெட்டி எடுத்துப்போட்டுத்தான் திறப்பினம். முன்னமே போனா சரிஞ்ச பனிக்கு மேல கால் வைச்சு நடக்க வேணும், வழுக்கினா நேர கீழ.

வெங்கனில கனக்க ஹோட்டலும் அந்த நேரம் பூட்டுத்தான். உங்கட ஹோட்டலுக்கு இண்டைக்கே ஒரு மெயில் போட்டு, அந்தத் திகதிக்குத் திறந்திருக்கோ, சாப்பாடு இருக்கோ எண்டு கேளுங்கோ. புக்கிங் எடுக்குது எண்டதுக்காக குசினி திறந்திருக்கும் எண்டு நினைக்காதேங்கோ.

நெல்லை மைந்தன் (2:50)
அண்ணாச்சி, இது குற்றாலத்துக்கு மார்ச்ல வந்து அருவி எங்கேன்னு கேக்கற மாதிரில்லா இருக்கு.

பயணி பாஸ்கர் (3:20)
இப்படிப் பயமுறுத்தினா யாரும் எங்கயும் போக முடியாது. நான் மே மாசத்துல கிளைன ஷைடெக்ல நின்னிருக்கேன். ஐகர் மலையோட வடமுகம் கண்ணுக்கு நேரா. நல்ல பூட்ஸ் போட்டா பனியெல்லாம் ஒண்ணுமில்லை. விளையாட்டு ஷூ போட்டுட்டு மலை ஏறற கூட்டத்துக்குத்தான் பிரச்சினை.

மீரா எஸ் (3:31)
கிளைன ஷைடெக்குக்கு ரயில் வருஷம் பூரா ஓடுது சார். ஸ்டேஷன்ல நிக்கறது வேற, சரிவுல நடக்கறது வேற.

டெக் தம்பி (3:38)
பூட்ஸ் ஓவர் ரேட்டட். நல்ல க்ரிப் இருக்கிற ட்ரெயில் ரன்னிங் ஷூ போதும். கணுக்கால் உயரம் வரைக்கும் இருந்தா சுளுக்காதுங்கறதெல்லாம் கடைக்காரன் கதை.

பயணி பாஸ்கர் (3:44)
கேஷ் க்ளியர் பண்ணச் சொன்னவர் இப்ப கணுக்காலுக்கு வந்துட்டார்.

டெக் தம்பி (3:46)
அட்டவணை ஏறலைன்னு சொன்னவர் பேசறார்.

கோவை சிவா (3:50)
வால்பாறைக்குச் செருப்பே போதுமுங்க.

மட்டறுத்துனர் (4:15)
ஷூ, பாஸ் ரெண்டுக்கும் தனித்தனி இழை திறந்தாச்சு, அங்க போய்த் தொடருங்க. இங்க கேட்டவருக்கு உதவறது மட்டும்.

மீரா எஸ் (4:22)
கார்த்தி, தேதி மாத்த முடியலேன்னா வெங்கனை விட்டுட்டு கீழ பள்ளத்தாக்கு ஊர் லவுட்டர்புருன்னன்லயே தங்குங்க. அது 800 மீட்டர்தான், மே மாசம் புல்வெளி பச்சையா இருக்கும். ஸ்டேஷன்லேர்ந்து பள்ளத்தாக்குக் கோடியில இருக்கற ஸ்டெஹெல்பெர்க் ஊர் வரைக்கும் ஆத்தோரமா சமதளப் பாதை, ரெண்டு மணிநேரத்துக்குள்ள நடந்துடலாம், திரும்ப பஸ். ஊர்லேர்ந்து பார்த்தாலே ஸ்டவ்பாக் அருவி தெரியும், கிட்டத்தட்ட 300 மீட்டர் உசரத்துலேர்ந்து விழுது. நடுவழியில ட்ரூமல்பாக். மலைக்குள்ளயே குடைஞ்சுக்கிட்டு விழற அருவி அது, ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ரவ் மூணு மலையோட பனித்தண்ணியும் அதுல வருது. உருகற காலத்துல சத்தமே பாறை அதிர வைக்கும். ரெயின்கோட் எடுத்துக்கங்க, உள்ள நனைஞ்சுடுவீங்க. எனக்கு மென்லிகனைவிட இதுதான் பிடிச்சது, ஆனா கூட்டத்துல சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

வடமராட்சியான் (இரவு 10:50)
மீரா தங்கச்சி சொன்னது நல்ல யோசனை. நான் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறன்.

வெங்கனுக்குக் கார் போகாது தம்பி. றோட்டே இல்லை. காரை லவுட்டர்புருன்னன் ஸ்டேஷன் பார்க்கவுசில, அதுதான் கார் நிப்பாட்டுற கட்டடத்தில விட்டிட்டு, பல்சக்கர ரயிலில ஏறவேணும். காலம்பிறநேரம் வாங்கோ, வெயில் நாளில அது நிரம்பியிடும். மோட்டர்வேயில வாறதெண்டா வின்யெட் எண்ட றோட்டு வரிச் சீட்டு வேணும், 40 பிராங்க். இப்ப கார் நம்பரைக் குடுத்து ஒன்லைனிலயும் எடுக்கலாம், ஸ்டிக்கர் ஒட்டத் தேவையில்லை.

நடைபாதைப் பலகையளைப் பாத்துப் போங்கோ. வெறும் மஞ்சள் எண்டா ஆரும் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு கீறியிருந்தா மலைப்பாதை, நல்ல சப்பாத்தும் தலைசுத்து இல்லாத ஆளும் வேணும். வெள்ளை-நீலம்-வெள்ளை எண்டா திரும்பி வந்திடுங்கோ, அது கயிறு கட்டி ஏறுற ஆக்களுக்கு. பலகையில இருக்கிற நேரம் ஓய்வு எடுக்காமல் நடக்கிற நேரம். நீங்கள் படம் எடுத்து எடுத்துத்தான் போவியள், அதைக் கூட்டிக்கொள்ளுங்கோ. சுவிஸ்டோபோ எண்டு அரசாங்க வரைபட ஆப் ஒண்டு இருக்கு, இலவசம். பூட்டியிருக்கிற பாதையளையும் அதில பாக்கலாம். எங்கட ஹோட்டலுக்கு வாற ஆக்களுக்கு நான் முதல் காட்டுறதே அதைத்தான்.

ஆனா மனுசிக்கு மென்லிகன்தான் ஆசை எண்டா மேயில வராதேங்கோ. ஜூன் கடைசிக்குத் தள்ளுங்கோ.

கார்த்தி88 (11:34)
ஹோட்டல்லேர்ந்து பதில் வந்துச்சு. மே கடைசி வாரம்தான் திறக்கறாங்களாம். பணம் பிடிக்காம ஜூன் கடைசிக்கு மாத்திக் கொடுத்துட்டாங்க. அந்தத் தேதிக்குப் போட்டா ஆப்ல கேபிள்கார் வருது. மே லீவுக்கு லவுட்டர்புருன்னன் ஒரு நாள் போயிட்டு வரலாமான்னு மனைவி கேக்கறா, பார்ப்போம். நன்றி அண்ணா, நன்றி மீரா.

குமரேசன் (11:41)
ஜூன்ல ரயில்லயே வாங்க. பாஸ் எடுத்தா...

மட்டறுத்துனர் (11:43)
குமரேசன் சார், அந்த இழை பக்கத்துலதான் இருக்கு.

வடமராட்சியான் (மார்ச் 13, காலை 6:05)
நல்லது தம்பி. ஜூனிலயும் மேல கொஞ்சப் பனி கிடக்கும், ஆனா பாதை திறந்திருக்கும். மென்லிகனால தொடங்கி ஷைடெக்குக்கு நடவுங்கோ, மற்றப் பக்கத்தால வந்தா ஏத்தம். மேல ஏறினவுடன நடக்கத் தொடங்காமல் முதலில மென்லிகன் சிகரத்துக்கு ஏறுங்கோ, இருபது நிமிசம் காணும், அங்க நிண்டா இரண்டு பள்ளத்தாக்கும் தெரியும். பின்னேரத்தில இடி முழக்கம் வாற நாள் இருக்கும், அதால காலமை முதல் கேபிள்காரைப் பிடியுங்கோ. இறங்கேக்க கடைசி ரயில் எத்தினை மணிக்கு எண்டும் பாத்து வையுங்கோ.